கலைஞர், உபகரணம், உதவியாளர்

மயிலாப்பூர் ஸ்ரீ ரசிக மனோல்லாச சபாவுக்கு இரண்டு விஷயங்களில் மட்டும் சந்தேகம் வந்ததே இல்லை. ஒன்று, உலகத்தில் கலை இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் தாங்கள்தான் என்பது. இன்னொன்று, கேன்டீனில் மதியம் என்ன போடுவது என்பது. மற்ற எல்லாவற்றுக்கும் அங்கே கமிட்டி இருந்தது.

அந்தச் சபாவின் படிகளை ஃபிரெட்ரிக் ஓர் ஆடி மாத வெயிலில் ஏறினார். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், வேறு அலுவலகத்துக்கு வந்துவிட்டோமோ என்று வாசல் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்க்கிற ஆள். கையில் மார்கழி சீசனுக்கான விண்ணப்பம் இருந்தது. கலைஞர் பெயர் என்ற இடத்தில் தன் மனைவி ஜூலியட்டின் பெயரை எழுதியிருந்தார்.

ஜூலியட் பரதநாட்டியம் ஆடுகிறவள். ஆடியவள் என்று எழுதுவதுதான் சரி. ஃபிரெட்ரிக் அந்த இறந்தகாலத்துக்கு இன்னும் பழகவில்லை. முதுகுத்தண்டில் வந்த ஒரு கட்டி முதலில் அவளுடைய கால்களை எடுத்துக்கொண்டது. அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டர் படங்களையெல்லாம் விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த கிறிஸ்துமஸை நல்லா கொண்டாடுங்க சார்" என்றார். நல்ல மனுஷன், நம் பண்டிகையை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே ஃபிரெட்ரிக் வெளியே வந்தார். பஸ் ஸ்டாப் வரை நடந்த பிறகுதான் அந்த வாக்கியம் அவருக்குப் புரிந்தது. அவர் ஏற வேண்டிய பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது.

வீட்டில் அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சாயங்காலம் முழுக்க இருவரும் ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணிகளை யாரோ வந்து எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் சொன்னாள்:

"நான் ஆடினத நான் பாத்ததே இல்ல, தெரியுமா?"

"வீடியோ இருக்கே, ஜூலி."

"வீடியோவுல யாரோ ஒரு குண்டுப் பொம்பள கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஆடறா. அது இல்ல. நான் ஒரு நாற்காலில உக்காந்திருக்கணும். பக்கத்துல யாராவது இருமணும். தூரத்துல அது நடக்கணும். அதப் பாக்கணும்."

பிறகு அவளே சொன்னாள்.

"வாத்தியாரே, உங்ககிட்டதான் பொம்மை இருக்கே."

ஃபிரெட்ரிக் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ்தோறும் பொம்மலாட்டம் நடத்துகிறவர். சிறுவயதில் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழுவின் பின்னால் அலைந்து முறையாகக் கற்றுக்கொண்டது. ஏரோது மன்னனும் மூன்று ஞானிகளும் மரப்பெட்டியில் பரண்மேல் இருந்தார்கள். இந்தப் பொம்மலாட்டத்தில், ஆட்டுகிறவன் தலையில் ஓர் இரும்பு வளையத்தை மாட்டிக்கொள்வான். பொம்மையின் தலையும் உடம்பும் அந்த வளையத்திலிருந்து கயிற்றில் தொங்கும். கைகளைக் கம்பிகளால் பிடித்துக்கொள்வான். காலில் சலங்கை கட்டிக்கொண்டு கறுப்புத் துணிக்குப் பின்னால் அவன் ஆடினால், துணிக்கு முன்னால் பொம்மை ஆடும். பாவாடைக்குக் கீழே பொம்மைக்குக் கால் கிடையாது. அவன் கால்தான் அதன் கால்.

ஆகவே ஜூலியட்டின் நடனத்தைப் பொம்மை ஆட வேண்டுமென்றால் முதலில் ஃபிரெட்ரிக் ஆட வேண்டியிருந்தது. முழங்கால் வலிக்குத் தைலம் தடவுகிற வயதில் அவர் அரைமண்டி பழகினார். அவள் கட்டிலில் சாய்ந்தபடி தட்டுக்கழியால் பலகையைத் தட்டினாள். அவள் தானே அமைத்த உருப்படி அது. பெயர், 'கரையில் நிற்கிறவள்'. கடலுக்குப் போன ஒருவனுக்காகக் கரையில் காத்திருக்கிற ஒருத்தி, அவன் எங்கே என்று கடலைக் கேட்கிறாள், காத்திருந்து காத்திருந்து, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோய்க் கடலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை.

"மீன் வாங்கப் போறவ மாதிரி நடக்கறீங்க. காத்திருக்கறவளுக்கு அவசரம் கெடையாது."

"முட்டி வலிக்குதுடி."

"அவளுக்கும் வலிக்கும். நின்னுக்கிட்டே இருக்கா இல்ல? அத வெச்சிக்கங்க."

பொம்மை அவளைவிட ஒரு சாண் குட்டையாக அமைந்தது. அவளுடைய பழைய ஆடையிலிருந்தே அதற்குத் தைத்தார்கள். ஆட்டத்துக்குரிய தாளச் சொற்கட்டை அவள் குரலிலேயே பதிவு செய்துகொண்டார்கள். மூச்சு வாங்கிய இடங்களை அவள் வெட்டச் சொல்லவில்லை.

பங்குச் சாமியார் கோயில் மண்டபத்தைத் தருவதாகச் சொன்னார். ஜூலியட் வேண்டாமென்றாள்.

"அங்க எல்லாரும் கை தட்டுவாங்க. எம்மேல அவ்ளோ பிரியம். எனக்கு அந்த மயிலாப்பூர் சபாதான் வேணும். வருஷா வருஷம் அங்க மத்தியானத்துல ஆடினேன். சனங்க எழுந்து எழுந்து கேன்டீனுக்குப் போனாங்க. எத விட்டுட்டுப் போனாங்கன்னு நான் பாக்கணும்."

அதனால்தான் ஃபிரெட்ரிக் ஆடி வெயிலில் படியேறினார்.

சபாவின் செயலாளர் சந்திரமௌலி வங்கியில் பெரிய பதவியில் இருந்து வந்தவர். யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரு கணம் வருத்தமாகப் பார்ப்பார். விண்ணப்பத்தில் கலை வடிவம் என்ற இடத்தில் 'நாட்டியமும் பொம்மலாட்டமும் சேர்ந்தது' என்று இருந்ததை அப்படித்தான் பார்த்தார்.

"சேர்ந்ததுன்னா எந்தக் கமிட்டிக்கு அனுப்பறது சொல்லுங்கோ. நாட்டியக் கமிட்டி இருக்கு, நாட்டுப்புறக் கமிட்டி இருக்கு. ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல."

"ஏன் சார்?"

"பேசிண்டா ஒரே கமிட்டி ஆயிடுமே. அப்புறம் பாதிப் பேருக்குப் பதவி இருக்காது."

விண்ணப்பம் இரண்டு பிரதியாக இரண்டு கமிட்டிக்கும் போயிற்று.

நாட்டுப்புறக் கமிட்டி தி.நகரில் ஓர் அடுக்குமாடியின் உச்சியில் கூடியது. கிராமியச் சூழல் வேண்டுமென்பதற்காக எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மண்குவளையில் காப்பி வந்தது. ஃபிரெட்ரிக்கிடம் சொந்த ஊர் கேட்டார்கள்.

"சாந்தோம்."

"அது ஊர் இல்லையே, ஏரியா. பூர்வீகம்?"

"அப்பா, தாத்தா, அவருக்கு முன்னாலயும் சாந்தோம்தாங்க. போர்ச்சுக்கீசியர் காலத்துலேருந்து."

ஒருவர் குறித்துக்கொள்ளாமல் பேனாவை மூடினார். இன்னொருவர் கனிவாக, கிராமத்தில் எப்போதாவது இருந்ததுண்டா என்றார். மாற்றலாகிச் செங்கல்பட்டில் கொஞ்ச காலம் இருந்ததாக ஃபிரெட்ரிக் சொன்னார். அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். ஜங்ஷன் இருக்கிற ஊரைக் கிராமமாகக் கருத இயலாது என்று முடிவாயிற்று.

"அதுவும் தவிர, நீங்க தாளம் அடவுன்னெல்லாம் பேசறீங்க. கொஞ்சம் வெள்ளந்தியா இருந்தா நல்லது. ஆடியன்ஸ் அதத்தான் எதிர்பாக்கறாங்க."

எப்படி வெள்ளந்தியாக இருப்பது என்று ஃபிரெட்ரிக் உண்மையாகவே யோசித்தார். அப்படி யோசித்ததே அவருக்கு எதிராகப் போயிற்று.

நாட்டியக் கமிட்டி சபாவின் மாடிக் கூடத்தில் தேர்வு வைத்தது. கலைஞர் நேரில் வர வேண்டும் என்றார்கள். சபாவில் லிஃப்ட் உண்டு, ஆனால் அது கேன்டீன் சாமான்களுக்கானது. ஜூலியட் சக்கர நாற்காலியில் இரண்டு சாம்பார் வாளிகளோடு மேலே போனாள். இறங்கும்போது, "நல்ல வாசன. இதுக்கு எழுந்து போனது தப்பில்ல" என்றாள்.

கமிட்டித் தலைவி ஸ்ரீலக்ஷ்மி. அவருடைய பட்டங்களை உதவியாளர் ஒருவர் வாசித்து முடிக்கும்வரை எல்லாரும் நின்றார்கள். பிறகு ஸ்ரீலக்ஷ்மி மேஜைமேல் கிடத்தியிருந்த பொம்மையைப் பார்த்து, "கொழந்தை யார்கிட்ட கத்துண்டுது?" என்றார்.

"இவங்ககிட்டதான் மேடம்" என்று ஃபிரெட்ரிக் மனைவியைக் காட்டினார்.

"எத்தன வருஷமா?"

"பொம்மைய இப்பதான் செஞ்சேன். ஆடி பொறந்தப்போ."

"ஆடியில பொறந்ததுக்கு மார்கழியில அரங்கேற்றமா? எங்காத்துல நாங்கள்ளாம் ஏழு வருஷம் தட்டடவே போட்டோம்."

ஆடிக் காட்டச் சொன்னார்கள். ஃபிரெட்ரிக் வளையத்தை மாட்டிக்கொண்டு தொடக்கப் பகுதியை ஆடினார். பொம்மை கரைக்கு வந்தது, கையை நெற்றிமேல் வைத்துக் கடலைப் பார்த்தது. கமிட்டியில் ஓர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்ரீலக்ஷ்மி தன்னைப் பார்த்ததும் அவர் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாவாடைய கொஞ்சம் தூக்குங்கோ" என்றார் ஸ்ரீலக்ஷ்மி.

தூக்கினார்.

"காலே இல்லையே."

"கால் என்னுதுங்க மேடம்."

"சலங்கை உங்க காலுல. கை மரத்தோடது. குரல் டேப்புல. ஞானம் இவாகிட்ட. இதுல ஆர்ட்டிஸ்ட் யாரு? நாளைக்கு நன்னா இருந்தா நான் யாரைப் பாராட்டறது? நன்னா இல்லேன்னா யாரைத் திட்டறது?"

ஜூலியட் சிரித்தாள். "ரெண்டுக்கும் நான் இருக்கேன் மேடம்."

கமிட்டி கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் விவாதித்தது. சந்திரமௌலி வெளியே வந்து முடிவைப் படித்தார். ஜூலியட் கலைஞர். பொம்மை, தம்புரா தாங்கி, மைக் ஆகியவை போல, ஓர் உபகரணம். ஃபிரெட்ரிக், உபகரணத்தைத் தூக்கி நிறுத்தும் உதவியாளர். இப்படியாக இந்நிகழ்ச்சி தூய பரதநாட்டியம் என்று ஏற்கப்படுகிறது. நேரம், பகல் ஒன்றரை மணி.

ஜூலியட்டுக்கு அது பிடித்திருந்தது. கால் போன பிறகு தன்னைக் கலைஞர் என்று ஒரு சபா எழுத்தில் கொடுத்திருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கூடவே அச்சிட்ட விதிகளும் வந்திருந்தன. ஃபிரெட்ரிக் அவற்றை அவளுக்கு வாசித்தார். கலைஞர் தன் நிகழ்ச்சி நடக்கும்போது பார்வையாளர் பகுதியில் காணப்படக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. எப்போதோ ஒரு பாடகர், மிருதங்கக்காரரைத் தனி வாசிக்க விட்டுவிட்டு நைசாக இறங்கிக் கேன்டீனுக்குப் போய்த் திரும்பி வரவே இல்லையாம். அதிலிருந்து அந்த விதி. இருவரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

மார்கழி வந்தது. அவளால் உட்காரவே முடியாத நாட்கள் இடையிடையே வந்தன. அந்த நாட்களில் அவர் பயிற்சியைக் கட்டில் பக்கத்திலேயே செய்தார். அவள் கண்ணை மட்டும் அசைத்துச் சரி, தப்பு என்றாள். நிகழ்ச்சி நாளன்று அதிசயமாக எழுந்து உட்கார்ந்தாள். காஞ்சிபுரம் பட்டு கட்டிவிடச் சொன்னாள். பார்வையாளராகப் போவதால் குஞ்சலமும் நெற்றிச்சுட்டியும் வேண்டாமென்றாள்.

ஒன்றரை மணி நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு பாராட்டு விழா இருந்தது. யாருக்குப் பாராட்டு என்பது கடைசிவரை ஃபிரெட்ரிக்குக்குத் தெளிவாகவில்லை. மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். சுற்றி வந்த ஒரு பொன்னாடை, முதலில் போர்த்தியவருக்கே திரும்பி வந்தது. அவர் நெகிழ்ந்துபோனார். பிறகு சந்திரமௌலி பேசினார்.

"இந்தச் சபாவிலே நாங்கள் யாரையும் வேற்றுமையாகப் பார்ப்பதில்லை. சொல்லப்போனால் நாங்கள் யாரையும் பார்ப்பதே இல்லை. காலையிலிருந்து ராத்திரிவரைக்கும் அத்தனை நிகழ்ச்சி. கலைக்கு மொழி கிடையாது. மதம் கிடையாது. இன்று நாட்டியக் கமிட்டியின் பரந்த மனப்பான்மையினால் கலைக்குக் கால்கூடத் தேவையில்லை என்று நிரூபித்திருக்கிறோம். திருமதி ஜூலியட் அவர்களுக்கு எங்கள் சபா கடந்த இருபது வருஷமாக மத்தியான நேரத்தையே கொடுத்து வந்திருக்கிறது. ராத்திரி கொடுத்திருந்தால் அவருக்கு வீடு திரும்பச் சிரமமாக இருந்திருக்கும். அந்த அக்கறை எங்களுக்கு உண்டு. கேன்டீனில் இன்று வாழைப்பூ வடை என்பதையும் தெரிவித்து அமர்கிறேன்."

கைதட்டல் கடைசி வாக்கியத்துக்கு எழுந்தது. கைதட்டியவர்கள் அப்படியே எழுந்து போனார்கள்.

ஃபிரெட்ரிக் சலங்கை கட்டிய காலோடு இறங்கி வந்து, சக்கர நாற்காலியை மூன்றாவது வரிசை ஓரமாக நிறுத்தினார். அங்கிருந்து மேடை முழுதாகத் தெரிகிறதா என்று தானும் குனிந்து பார்த்தார். ஜூலியட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பெண்ணைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது சந்திரமௌலி வருத்தமான முகத்தோடு வந்தார்.

"இவா இங்க இருக்கப்படாதே."

"ஏன் சார், வழிய மறைக்குதா? தள்ளிப் போட்டுக்கறேன்."

"வழி இல்ல. விதி. இவா ஆர்ட்டிஸ்ட். ஆர்ட்டிஸ்ட் ஆடியன்ஸ்ல உக்காரப்படாது."

"சார், ஆடப்போறது பொம்மை."

"அது உபகரணம்."

"அப்ப ஆடப்போறது நான்னு வெச்சிக்கங்க."

"நீங்க உதவியாளர். உதவியாளர் ஆடறதுக்கு விதியில எடமில்ல."

"சரி, இவங்க ஆர்ட்டிஸ்ட்டே இல்லன்னு எழுதிக்கங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

சந்திரமௌலி உண்மையிலேயே வேதனைப்பட்டார். "ஆர்ட்டிஸ்ட் இல்லேன்னா நிகழ்ச்சியே இல்லையே, சார். திரையைப் போட்டுடணும். நான் என்ன பண்றது சொல்லுங்கோ. இந்த விதிய நானேதான் எழுதினேன். நானே மீறலாமா? என் சொந்தப் பொண்ணு ஆடறச்சே நானே பாக்கல. ஆபீஸ்லதான் இருந்தேன்."

"அவங்க அப்பா பாக்கக் கூடாதுன்னும் விதி இருக்கா சார்?" என்று ஜூலியட் கேட்டாள்.

"இல்லம்மா. வேல இருந்தது."

மேடையில் கறுப்புத் துணி தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பொம்மை ஓர் ஆணியில் காத்திருந்தது. இவர் ஆடினால் அவள் இங்கே இருக்க முடியாது. அவள் இங்கே இருந்தால் ஆட்டம் கிடையாது. ஃபிரெட்ரிக் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக்கொடுத்தவருக்கு வழி எதுவும் தெரியவில்லை.

"ஆபீஸ் ரூம்ல டிவி இருக்கு" என்றார் சந்திரமௌலி. "ஹால்ல கேமரா வெச்சிருக்கோம். அங்க உக்காந்து சௌகரியமா பாக்கலாம். ஏசிகூட உண்டு."

ஜூலியட் கணவனின் கையைத் தட்டினாள். "போங்க வாத்தியாரே. ஆடிட்டு வாங்க. நான் டிவில பாக்கறேன்."

"நீதான் வீடியோ வேணாம்னியே."

"இது வீடியோ இல்லியே. இப்ப நடக்கறதுதான. போங்க. முட்டியப் பாத்துக்கங்க."

அலுவலக ஆள் நூர் முஹம்மது வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் திரும்பி மேடையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஃபிரெட்ரிக் ஆடினார். வளையம் நெற்றியை அழுத்தியது. பொம்மலாட்டத்தில் ஆட்டுகிறவன் பொம்மையைப் பார்க்க முடியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் உச்சந்தலையும் கொண்டையில் செருகியிருந்த கனகாம்பரமும்தான். துணிக்கு அப்பால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. ஜூலியட்டின் குரல் ஒலிபெருக்கியிலிருந்து தா தெய் என்றது, மூச்சு வாங்கியது, மறுபடி சொன்னது. அந்தக் குரல் வாங்கிய மூச்சை அவரும் வாங்கினார். காத்திருப்பவளுக்கு அவசரமில்லை. முழங்கால் வலியை அவள் சொன்னபடியே வைத்துக்கொண்டார். மறந்துபோகிற இடம் வந்தபோது அவர் ஒரு பயிற்சியிலும் செய்யாத அளவுக்கு மெதுவாகத் திரும்பினார். சரியாக வந்தது என்று அவருக்குத் தெரிந்தது. அது எப்படி இருந்தது என்றுதான் தெரியவில்லை.

திரை விழுந்ததும் பின்பக்கமாக ஓடி அலுவலகத்துக்குப் போனார். அவளை வெளியே கொண்டுவந்து, டாக்ஸி பிடித்து, மடித்த நாற்காலியையும் பொம்மையையும் பின்னால் வைத்தார். லஸ் தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"தெரிஞ்சதா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"கேமரா சனங்க பக்கம் பாத்து வெச்சிருக்காங்க. நாற்காலியெல்லாம் தெரியும். மேட தெரியாது."

ஃபிரெட்ரிக்கின் முகத்தை அவள் பார்த்திருக்க வேண்டும். வண்டி ஒரு சிக்னலில் நின்று கிளம்பியது.

"ஆனா கேளுங்க" என்றாள். "ஏழாவது வரிசையில ஒரு அம்மா. நீலப் பொடவ. மடியில ஒயர்க் கூடை. மத்தவங்கெல்லாம் வடைக்குப் போயிட்டாங்க, அந்தம்மா போகல. அவ கடலப் பாத்து கேக்கற எடம் இருக்குல்ல? அங்க கூடைய இறுக்கிப் புடிச்சாங்க. மறந்துபோற எடத்துல வாயத் தொறந்தவங்க மூடவே இல்ல. அப்ப எப்படித் திரும்பினீங்க?"

"மெதுவா."

"ரொம்ப மெதுவா. அந்தம்மா மூஞ்சில தெரிஞ்சது. கடசில அழல, கண்ணாடியக் கழட்டி கூடைக்குள்ள போட்டுட்டாங்க. இதுக்கு மேல எதயும் பாக்க வேணாம்னு முடிவு பண்ண மாதிரி. ஒருத்தர் போதும் வாத்தியாரே. நான் பாத்துட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

சீசன் விமர்சனம் ஒன்று அந்த வாரம் வெளிவந்தது. அதை அவர் கட்டில் அருகே உட்கார்ந்து வாசித்தார். 'செல்வி ஜூலியட் இளமைத் துடிப்புடன் ஆடினார். கால்களின் லாகவம் கண்ணைக் கவர்ந்தது. முகபாவத்தில் மட்டும் சற்று விறைப்பு. அதில் கவனம் செலுத்தினால் இவருக்கு நல்ல எதிர்காலம் உண்டு.' ஜூலியட் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தாள். இருமல் நின்ற பிறகு, "இன்னொரு தடவ கடசி வரியப் படிங்க" என்றாள். படித்தார்.

கிறிஸ்துமஸை அவர்கள் நல்லபடியாகக் கொண்டாடினார்கள். புதுவருடப் பூசைக்கு அவர் தனியாகப் போனார்.

சபா இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. மாலைக் கச்சேரிக்கு முன்பு சந்திரமௌலி, "கடைசிவரைக்கும் எங்கள் விதிகளை மதித்த கலைஞர்" என்று தழுதழுத்தார். ஒரு நிமிட மௌனத்தைப் பாதியில் மிருதங்கக்காரர் சுருதி பார்த்து முடித்து வைத்தார். உபகரணம் அடுத்த சீசனுக்குக் கிடைக்குமா என்று நாட்டியக் கமிட்டி விசாரிக்கச் சொன்னதாகவும் செய்தி வந்தது. அதற்கு இப்போது நல்ல பெயர் இருந்தது.

ஃபிரெட்ரிக் அந்த நீலப் புடவை அம்மாளைத் தேடினார். நன்றி சொல்வதற்கு மட்டுமல்ல. அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். ஜூலியட் எப்படி ஆடினாள் என்று கேட்க வேண்டும். அடையாளம் தெரிந்துகொள்ள அன்றைய கேமராப் பதிவைப் பார்க்கலாமா என்று சபாவில் போய்க் கேட்டார்.

சந்திரமௌலி வருத்தமாகப் பார்த்தார். "பதிவைக் காட்ட விதி இருக்கு. ஆனா செருப்பு காணாமப் போனா மட்டும்தான். சீசன்ல அது ஒண்ணுதான் பெரிய புகார்."

"அப்ப என் செருப்பு காணும்னு வெச்சிக்கங்க சார்."

"எழுதிக் குடுங்கோ. எந்தக் கால்?"

"ரெண்டும்."

"ரெண்டும்னா கமிட்டிக்குப் போகணும். ஒண்ணுன்னு போடுங்கோ, நானே அனுமதிச்சுடறேன்."

ஃபிரெட்ரிக் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்ப் புகார் எழுதினார். இடது கால் என்று எழுதினார்.

அலுவலக அறையில் நூர் முஹம்மது பதிவைத் தேடி எடுத்தார். நாலு கட்டமாகப் பிரிந்த திரையில் கேன்டீன், வண்டி நிறுத்தம், செருப்பு ஸ்டாண்டு, ஹால் எல்லாம் சத்தமில்லாமல் ஓடின.

"செருப்பு இன்னா கலர் சார்?"

"செருப்பு இல்ல பாய். ஹாலப் பெரிசு பண்ணுங்க. ஒரு அம்மாவப் பாக்கணும். நீலப் பொடவ, ஒயர்க் கூடை."

நூர் முஹம்மது அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கினார். ஐந்து வரிசை நாற்காலிகள் தெரிந்தன. முதல் வரிசையில் பொன்னாடையோடு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற நாற்காலிகளில் யாரும் இல்லை. ஐந்தாவது வரிசையோடு படம் முடிந்துவிட்டது.

"பின்னால தள்ளுங்க. ஏழாவது வரிசை."

"அஞ்சுதான் சார் தெரியும். நன்கொட குடுத்த டோனருங்க சீட்டப் பாக்கத்தான் கேமராவே. அதுக்குப் பின்னால யாரு குந்திக்கினு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா."

"வேற கேமரா?"

"ஹாலுக்கு இது ஒண்ணுதான்."

ஃபிரெட்ரிக் திரையையே பார்த்தார். நூர் முஹம்மது கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"அன்னிக்கி ஒங்க சம்சாரம் இங்கதான் சார் குந்திக்கினு இருந்தாங்க. இதத்தான் பாத்தாங்க. காலி சேருல இன்னாமா கீது, வேணும்னா ஆஃப் பண்ணட்டான்னேன். கைய காட்டி, பேசாதன்னாங்க. சொவத்துக்கு அந்தாண்ட ஒங்க சலங்கை சத்தம் கேட்டுக்கினு இருந்துச்சு. அது நிக்கற வரைக்கும் கண்ண எடுக்கல."

திரையில் நாற்காலிகள் இருந்தன. மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலி நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. நேரம் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவர் கரைக்கு வந்திருப்பார். இப்போது கடலைக் கேட்டிருப்பார்.

"அந்த நீலப் பொடவ அம்மா கெடச்சாங்களா சார்?" என்று நூர் முஹம்மது மெல்லக் கேட்டார்.

"கெடச்சாங்க" என்றார் ஃபிரெட்ரிக்.

நூர் முஹம்மது திரையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"நிறுத்திடவா சார்?"

"வேணாம். முடியற வரைக்கும் ஓடட்டும்."